இலிஷும் இறாலும்: கொல்கத்தா கேலரிகளின் கதை

கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீனுக்கு விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறாலுக்கு விலை ஏறும் என்று சொல்வார்கள். இலிஷ் என்பது நம் கடற்கரையில் உல்லம் என்று அழைக்கப்படுகிற மீன்தான். பத்மா நதிக்கரையிலிருந்து வந்தவர்கள், அதாவது 'பாங்கால்'கள், அதைக் கொண்டாடுவார்கள். மேற்கு வங்கத்தையே பூர்வீகமாகக் கொண்ட 'கோட்டி'களுக்கு இறால். ஒரே மொழி பேசுகிறவர்கள் பேச்சு வழக்கை வைத்தும், குழம்பில் சர்க்கரை போடுவதை வைத்தும் ஒருவரையொருவர் நூறு ஆண்டுகளாகக் கேலி செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் கேலி உச்சத்துக்குப் போகும் இடம் கால்பந்து மைதானம்.

இந்தப் போட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையில் பேசுவார்கள். ஒன்று, ரசிகர் வெறி என்று ஒதுக்குவார்கள். அல்லது விளையாட்டு எல்லோரையும் இணைக்கிறது என்று உருகுவார்கள். இரண்டிலுமே வரலாறு கிடையாது. எதிரணியை மதிப்பது எப்போது சாத்தியமாகிறது, யார் அந்த மதிப்புக்குள் வருகிறார், யார் வெளியே நிற்கிறார் என்ற கேள்வியோடு இதைப் பார்க்க வேண்டும் என்பது நம் எண்ணம். மாணவத் தோழர்கள் பொறுமையாகப் படியுங்கள், கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது.

1911 ஜூலை 29. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகான், ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்ற வெள்ளைக்காரப் படை அணியை 2-1 என்று தோற்கடித்தது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். சுதிர் சாட்டர்ஜி ஒருவர்தான் பூட்ஸ் போட்டிருந்தார். தேசிய இயக்கம் அந்த வெற்றியை இன்றுவரை கொண்டாடுகிறது. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் பதினொரு பெயர்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்: பாதுரி, முகர்ஜி, சென்குப்தா, பட்டாச்சார்யா, கோஷ், ராய். வெறுங்கால் ஏழையின் காலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இவர்களில் பெரும்பாலோர் கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பது இன்னொரு வேடிக்கை. பாங்கால், கோட்டி என்ற கோடு அப்போது இப்படி இறுகியிருக்கவில்லை.

அதே 1911இல் வங்கத்தில் இன்னொரு வெற்றியும் நடந்தது. 'சண்டாளர்' என்று அரசுப் பதிவேட்டில் எழுதப்பட்ட மக்கள், குருசந்த் தாகூர் போன்றவர்களின் நெடும் போராட்டத்துக்குப் பிறகு, அந்த ஆண்டுக் குடிக்கணக்கில் 'நாமசூத்திரர்' என்று பதிவானார்கள். அதே ஆண்டில்தான் பல்வங்கர் பாலு இந்திய அணியோடு இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். புனேயில் அதே பாலுவுக்குத் தேநீர் இடைவேளையில் வெளியே நிற்கவைத்துத் தனி மண்குவளையில் ஊற்றினார்கள். பந்து வீச உள்ளே வரலாம், குடிக்க உள்ளே வரக்கூடாது. ஷீல்டு வெற்றியைப் பாடப்புத்தகத்தில் படித்த நமக்கு மற்ற இரண்டும் தாமதமாகத்தான் தெரியவந்தன.

ஈஸ்ட் பெங்கால் கிளப்பே ஒரு புறக்கணிப்பில் பிறந்ததுதான். 1920 ஜூலையில் ஜோராபகான் என்ற அணி, மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்ற வீரரைச் சேர்க்காமல் விட்டது. கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி வாதாடிப் பார்த்துவிட்டு வெளியேறினார். கிழக்கு வங்கத்துக்காரர் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்ற கோபத்தில், ஆகஸ்ட் 1 அன்று புதிய கிளப் பிறந்தது. நான்கே ஆண்டுகளில் இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே வரும் தகுதி பெற்றது. அப்போது குறுக்கே நின்றது ஒரு விதி: கல்கத்தா லீக்கின் முதல் டிவிஷனில் இந்திய அணிகள் இரண்டுக்கு மேல் கூடாது. ஆட்சி வெள்ளைக்காரனுடையது, மைதானமும் அவனுடையது, இந்தியனுக்கு இரண்டு இடம். அந்த இரண்டு இடத்தில் இருந்த இந்திய கிளப்புகளே மூன்றாவதை உள்ளே விடத் தயங்கின என்று ஈஸ்ட் பெங்கால் தரப்பு இன்றும் சொல்லிக் காட்டும். கொஞ்சம் இடம் கிடைத்தவர்கள் கதவைச் சாத்துகிற பழக்கம் நமக்குப் புதிதல்ல. விதி தளர்ந்து, 1925 மே 28 அன்று லீக்கில் இரு அணிகளும் முதல்முறை மோதின. ஈஸ்ட் பெங்கால் 1-0.

எதிரணியாக இருப்பதற்கே முதலில் உள்ளே வர வேண்டியிருக்கிறது. உள்ளே வந்த பிறகு வசை இருக்கும், கேலி இருக்கும், ஆனாலும் தொண்ணூறு நிமிடமும் ஒரே விதி இருவருக்கும். அந்தச் சமநிலை இல்லாத இடத்தில் நடப்பதற்குப் போட்டி என்று பெயர் வைக்க நாம் தயாராக இல்லை. ஊர்த்தெருவும் சேரியும் 'மோதிக்கொண்டன' என்று பத்திரிகைக்காரர்கள் எழுதும்போது நமக்கு எரிவது அதனால்தான்.

மூன்றாவது கிளப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கொல்கத்தா கால்பந்து என்றாலே இரண்டு பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1934இல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய அணி முகமதன் ஸ்போர்ட்டிங். 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அவர்கள்தான் சாம்பியன். பிரிவினை அந்த அணியின் ரசிகர்களில் பலரை எல்லைக்கு அப்பால் கொண்டுபோனது. அதே பிரிவினை ஈஸ்ட் பெங்கால் கேலரியை நிரப்பியது.

வீடு போனது, நிலம் போனது. மிச்சமிருந்த பெயர் ஒன்று மைதானத்தில் சிவப்பும் தங்கமுமாக ஓடிக்கொண்டிருந்தது. அகதிகளுக்கு அந்த கிளப் என்னவாக இருந்திருக்கும் என்று புரிந்துகொள்ள ஈழத்தமிழர்களைத் தெரிந்த நமக்குக் கஷ்டமில்லை. 1949 முதல் 1951 வரை தொடர்ந்து மூன்று முறை ஷீல்டை வென்றார்கள். அந்த அணியின் முன்வரிசை ஐவருக்கு 'பஞ்ச பாண்டவர்' என்று பெயர்: அப்பாராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ், அகமது கான். ஐந்து பேரும் தென்னிந்தியர்கள்! அகதிகளின் பெருமையைத் தூக்கிச் சுமந்தவர்களில் ஒரு வங்காளிகூட இல்லை. ரசிகர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை. மண்ணின் மைந்தர் அரசியல் பேசுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

ஆனால் 'அகதி' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு கதை இருக்கிறது.

முதலில் வந்தவர்களில் பெரும்பாலோர் படித்த, உயர்சாதி பத்ரலோக் குடும்பங்கள். ஜாதவ்பூர், பிஜய்கர் பக்கம் காலி நிலங்களில் குடியேறினார்கள், போராடினார்கள், காலனிகளுக்கு அங்கீகாரம் வாங்கினார்கள். மாநகரத்தில் இருந்தார்கள், மாலையில் மைதானத்துக்குப் போக முடிந்தது. 1950க்குப் பிறகு பெருவாரியாக வந்த நாமசூத்திர விவசாயிகளின் கதை வேறு. 1946இல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்குள் நுழைய வழி செய்தது வங்கத்துத் தலித் அரசியல்தான், ஜோகேந்திரநாத் மண்டல் அதன் தலைவர். பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரான அந்த மண்டலே 1950இல் பதவி விலகி இந்தியா வந்து சேர்ந்தார். அவருடைய மக்களுக்குக் கொல்கத்தாவில் இடமில்லை. முகாம்களில் வைத்து, பிறகு தண்டகாரண்யத்துக்கு அனுப்பினார்கள். ஆற்றங்கரை விவசாயிகளை மத்திய இந்தியாவின் வறண்ட காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களும் பாங்கால்தான். ஆனால் கேலரி ஆயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

1978இல் அவர்களில் சுமார் 30 ஆயிரம் பேர் திரும்பி வந்து சுந்தரவனத்தின் மரிச்ஜாபி தீவில் குடியேறினார்கள். எதிர்க்கட்சியாக இருந்தபோது அவர்களுக்காகப் பேசிய இடதுசாரிகள் அப்போது ஆட்சியில் இருந்தார்கள். 1979 ஜனவரி 24 அன்று 144 தடை போட்டுத் தீவை முற்றுகையிட்டார்கள். தண்ணீரும் சோறும் மருந்தும் போகவில்லை. ஜனவரி 31 அன்று துப்பாக்கிச்சூடு. மே மாதத்தில் குடிசைகளைக் கொளுத்தி மிச்சமிருந்தவர்களையும் அப்புறப்படுத்தினார்கள். எத்தனை பேர் செத்தார்கள்? அரசுக் கணக்கு விரல்விட்டு எண்ணக்கூடியது. தப்பியவர்களும் ஆய்வாளர்களும் சொல்வது நூற்றுக்கணக்கில், அதற்கும் மேலே.

பதினைந்து மாதம் கழித்து, 1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன்ஸில் லீக் ஆட்டம். இரு அணி ரசிகர்களும் பிரித்து உட்காரவைக்கப்படாமல் ஒரே கேலரியில் கலந்து இருந்தார்கள். மைதானத்தில் மோகன் பகானின் பிதேஷ் போசும் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித்தும் மோதிக்கொள்ள, இருவருக்கும் சிவப்பு அட்டை. கேலரியில் அடிதடி, கல்வீச்சு. பயந்து ஓடியவர்கள் நெரிசலில் சிக்கினார்கள். 16 பேர் இறந்தார்கள். ஆட்டம் 0-0.

இறந்தவர்களில் இரண்டு பக்கத்துக்காரர்களும் இருந்தார்கள். அவர்களுடைய சாவைத் தனித்தனியாகப் பங்கு பிரித்து வைக்கவில்லை கொல்கத்தா. ஆகஸ்ட் 16 'கால்பந்து ரசிகர் நாள்' ஆனது. ஒவ்வோர் ஆண்டும் அன்று ரத்ததான முகாம் நடக்கிறது. கொடுத்த ரத்தம் எந்த கிளப்காரன் உடம்பில் ஏறும் என்று யாருக்கும் தெரியாது. நினைவுநாளை இதைவிட நன்றாக யாரும் யோசித்திருக்க முடியாது என்று நாம் நினைக்கிறோம். அதே நேரம் ஒரு கணக்கு நம்மை உறுத்தாமலும் இல்லை. நகரத்து கேலரியில் செத்த 16 பேருக்கு எண்ணிக்கை உண்டு, பெயர் உண்டு, நாள் உண்டு. தீவில் செத்தவர்களுக்கு எண்ணிக்கையே இன்னும் வழக்கு.

1980க்குப் பிறகு எல்லோரும் பண்பட்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டோம். 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. சால்ட் லேக் மைதானத்தில் 1 லட்சத்து 31 ஆயிரம் பேர். ஆட்டத்துக்கு முன்பு மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா, சிக்கிமிலிருந்து வந்த பாய்ச்சுங் பூட்டியாவை 'சுங் சுங்' என்று கிண்டல் செய்தார். மனரீதியாகச் சீண்டுகிற உத்தி என்று ரசிகர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவரின் ஆட்டத்தைக் கேலி செய்வது ஒன்று, அவர் பிறந்த இனத்தின் பெயரை நொறுக்குவது வேறொன்று. பூட்டியா மூன்று கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் 4-1.

2020 ஜனவரியில் ஒரு மாற்றத்தைப் பார்த்தோம். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக நாடே தெருவில் இருந்த நேரம். டெர்பி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் கேலரி ஒரு பெரிய பதாகையை விரித்தது. இந்த மண்ணை வாங்கியது ரத்தத்தால், காகிதத்தால் அல்ல என்பது அதன் பொருள். காகிதம் கேட்கிற அரசுக்கு அகதிகளின் பேரப்பிள்ளைகள் சொன்ன பதில் அது. மரிச்ஜாபியில் மிஞ்சியவர்களும் அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். அவர்கள் கையில் பதாகை கொடுக்கவும் கேமரா திருப்பவும் அன்று ஆளில்லை.

பிறகு 2024. ஆகஸ்ட் 9 அன்று ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் வன்புணர்வு செய்து கொல்லப்பட்டார். நகரம் கொதித்தது. ஆகஸ்ட் 18 அன்று டூரண்ட் கோப்பையில் டெர்பி நடக்க வேண்டும். இரு கேலரிகளும் நீதி கேட்டுக் குரல் எழுப்பத் தயாராகின்றன என்று தெரிந்ததும், பாதுகாப்புக்குப் போதிய போலீஸ் இல்லை என்று சொல்லி முதல்நாளே ஆட்டத்தை ரத்து செய்தார்கள்.

ஆட்டம் இல்லாவிட்டாலும் ரசிகர்கள் வந்தார்கள். பச்சையும் அரக்குச் சிவப்புமாக மோகன் பகான்காரர்கள், சிவப்பும் தங்கமுமாக ஈஸ்ட் பெங்கால்காரர்கள். முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் அவர்களுடைய கருப்பு வெள்ளைக் கொடியோடு வந்தார்கள். ஒரு கிளப்பின் சட்டை போட்டவர் மற்ற கிளப்பின் சட்டை போட்டவரைத் தோளில் தூக்கி நிற்கும் படம் அன்று நாடு முழுக்கச் சுற்றியது. இரண்டு கேலரிக்கும் ஒரே குரல் என்று கோஷம் போட்டார்கள். மோகன் பகான் கேப்டன் சுபாசிஷ் போஸ் மனைவியோடு வந்து கூட்டத்தில் நின்றார். யாரும் சட்டையை மாற்றிக்கொள்ளவில்லை, கிளப்பை விட்டுக்கொடுக்கவில்லை. அவரவர் கொடி அவரவர் கையில்தான் இருந்தது. நம் இயக்கங்களுக்குள் ஒற்றுமை என்றாலே உன் கொடியைச் சுருட்டிக்கொண்டு வா என்று அர்த்தமாகிப்போன காலத்தில், இதை நாம் இரண்டுமுறை பார்த்தோம்.

பாதுகாப்புக்குப் போலீஸ் இல்லை என்றவர்கள், ரசிகர்களைத் தடுக்க மைதானத்தைச் சுற்றிப் போலீசை நிறுத்தினார்கள். போட்ட தடை பிரிவு 163. புதிய சட்டத்தில் எண் மாறியிருக்கிறது, மரிச்ஜாபியில் போட்ட அதே 144தான் அது. மழை பெய்துகொண்டிருந்தது. தடியடி நடத்தினார்கள், கொடி பார்க்காமல் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். நடக்காத ஆட்டத்துக்கு இரு அணிகளுக்கும் தலா ஒரு புள்ளி கொடுத்தார்கள்.