பட்டத்திற்குப் பின் வந்த பாடம்: நெல்லைச் சீமையும் கண் அறுவைப் பயிற்சியும்

திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இல் தொடங்கப்பெற்றதால் தாமிரபரணிக் கரையின் மாணவர்கள் சொந்த ஊரிலேயே மருத்துவம் பயிலும் வாய்ப்புப் பெற்றனர். எனினும், பட்டம் பெற்ற இளம் மருத்துவர் தம் துறையின் புதுமைகளை எங்கே, யாரிடம் கற்பது என்னும் கேள்விக்கு அதனால் மட்டும் விடை கிடைத்துவிடவில்லை. இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த துறை கண் மருத்துவம். அதன் முதன்மையான அறுவை முறை ஒரே தலைமுறைக்குள் அடியோடு மாறிற்று.

விழிக்குள் இருக்கும் லென்ஸ் மங்கி ஒளியை மறைப்பதே கண்புரை. 1970களில் இங்கு அந்த லென்ஸை அதன் மெல்லிய உறையோடு முழுதாக எடுத்துவிடுவதே வழக்கம். பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில்கூட அதைச் செய்ய முடிந்தது. நோயாளிக்குப் பின்னர் ஊரார் 'சோடா புட்டி' என்றழைத்த தடித்த கண்ணாடி கிடைத்தது. லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949லேயே விழிக்குள் செயற்கை லென்ஸைப் பொருத்தியிருந்தும், அம்முறை நம் மாவட்டங்களில் பரவ ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. புதிய முறையில் உறையின் பின்பகுதி கிழியாமல் உள்ளேயே நிற்க வேண்டும், ஏனெனில் அதுவே செயற்கை லென்ஸுக்கு ஆதாரம். நுண்ணோக்கியின் கீழ் இரு கைகளும் அதன் மிதியை இயக்கும் காலும் இசைந்து செயற்பட வேண்டியிருந்ததால், பழைய முறையில் தேர்ந்தவரும் மீண்டும் மாணவராக நேர்ந்தது. அண்மையில் பட்டம் பெற்றவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைய நெல்லை மாவட்டத்தின் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, இந்த மறுகற்றலைத் தம் உடலாலேயே அறிந்தவர். மகப்பேறு மருத்துவராக விரும்பிய அவர், முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய பின் கண் மருத்துவத்திற்கு மாறி, அவ்விரல்களைக் கொண்டே அறுவையைக் கற்றார். அவர் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988இல் திருநெல்வேலியிலும் அமைந்தது. அதன் ஆரோலேப் நிறுவனம் 1992 முதல் செயற்கை லென்ஸை இங்கேயே குறைந்த விலையில் செய்யத் தொடங்க, லென்ஸ் கிடைப்பதைவிட அதைப் பொருத்தத் தெரிந்த கை கிடைப்பதே அரிதாயிற்று. உலக வங்கி உதவியுடன் 1994 முதல் 2002 வரை தமிழகம் உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டம், அறுவை மருத்துவர்களின் பயிற்சிக்கும் பணம் ஒதுக்கியது இதனாலேயே.

இத்தகைய பயிற்சியில் இளம் மருத்துவர் முதலில் ஆட்டின் கண்ணில் வெட்டவும் தைக்கவும் பழகுகிறார். பின்னர் மூத்தவர் அருகிருக்க, அறுவையின் ஒவ்வொரு கட்டமாகக் கைக்கொண்டு, இறுதியிலேயே முழு அறுவையையும் தாமே செய்கிறார். இதற்கு நோயாளிகள் பெருந்தொகையாக வேண்டும்; அவர்களைத் தந்தவை கிராம முகாம்கள். இலவச அறுவைக்கு வந்த ஏழைகளின் கண்களே பெரும்பாலும் பாடசாலையாயின என்பதை இவ்வரலாற்றில் மறைப்பதற்கில்லை. மூத்தவரின் மேற்பார்வை இங்கே சலுகையாகாது, நோயாளிக்குச் செலுத்த வேண்டிய கடன் அது.

மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 30 மணி நேரத் தொடர்கல்வி பெற வேண்டும் என்று இந்திய மருத்துவக் குழுமம் 2002இல் விதித்தது. அவ்விதி அரங்கில் அமர்ந்த நேரத்தையே கணக்கிட்டது. ஒரு மருத்துவர் மேற்பார்வையில் எத்தனை அறுவைகள் செய்தார் என்பதை அது கேட்கவில்லை. கண் அறுவையைப் பொறுத்தவரை அது போதாத விதி.