வருகைமூலச் சரிபார்ப்பு

இணையத்தளத்துக்கு வருபவர் எந்தப் பக்கத்திலிருந்து, எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று சேவையகத்தில் ஓடும் நிரல் பார்த்து, அதற்கேற்ப நடந்துகொள்வது வருகைமூலச் சரிபார்ப்பு. தடயங்கள் இரண்டு. முன்பு பார்த்த பக்கத்தின் முகவரியை உலாவி தானே எழுதி அனுப்பும் ரெஃபரர் வரி ஒன்று. விடை போய்ச் சேரவேண்டிய ஐ.பி. முகவரி மற்றது. முன்னது வருபவரின் வாய்ச்சொல் மட்டுமே. அதைச் சான்றிதழாகக் கொண்டதே இம்முறை பலமுறை ஏமாந்ததற்குக் காரணம்.

1996 மே மாதம் வெளியான எச்.டி.டி.பி. 1.0 ஆவணம், பதிவேடு வைக்கவும் பிழையான இணைப்புகளைத் தேடிப்பிடிக்கவும் உதவும் என்றே ரெஃபரர் வரியை விவரித்தது. அனுப்புவதா வேண்டாமா என்பது பயனரின் விருப்பமாக இருக்கட்டும் என்றும் சொன்னது. நிரலர்களோ அதைப் பூட்டாக்கினார்கள். மாட் ரைட் 1995இல் எழுதிய ஃபார்ம்மெயில் என்ற பெர்ல் நிரல், அனுமதித்த தளங்களின் பட்டியலோடு அந்த வரியை ஒப்பிட்டுத்தான் படிவங்களை மின்னஞ்சலாக அனுப்பியது. குப்பை அஞ்சல்காரர்கள் பொய்யான வரியை எழுதி நுழைந்தார்கள். சாதாரண வாசகர் யாரும் அப்படிப் பொய் எழுதுவதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். பிற தளங்கள் நம் படங்களை இழுத்துக் காட்டுவதைத் தடுக்க இச்சோதனை ஓரளவு போதும். பயனருக்குத் தெரியாமல் அவர் பெயரில் கோரிக்கை அனுப்பவைக்கும் தாக்குதலிலும் உதவும். அங்கே வரியை எழுதுவது ஏமாற்றப்பட்டவரின் உலாவி, தாக்குபவரால் அதை மாற்ற இயலாது. வந்தவரே பொய் சொல்லக்கூடிய இடத்தில்தான் அது பயனற்றது. 2020இல் குரோம் 85 பிற தளங்களுக்குத் தளப்பெயரை மட்டும் அனுப்பத் தொடங்கியபின் அந்த வரியின் விவரமும் சுருங்கிவிட்டது.

ஐ.பி. முகவரி இதைவிட உறுதியானது. பொய் முகவரி தந்தவருக்கு விடை வந்து சேராது. ஆனாலும் அது காட்டுவது ஆளை அல்ல, விடை போகும் வாசலை. 2018 பெப்ரவரியில் அம்பாறையிலும் மார்ச்சில் கண்டியிலும் முஸ்லிம்கள் தாக்கப்பட்டதை அடுத்து இலங்கை அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது, பலர் இணைப்பை வெளிநாட்டுச் சேவையகம் வழியே திருப்பும் வி.பி.என். மூலம் நுழைந்தார்கள், அவர்கள் போன தளங்களின் பதிவேட்டில் அவர்கள் வெளிநாட்டார். வி.பி.என். இல்லாமலும் திருக்கோவில் என்ற ஊரின் வாசகர் கொழும்புக்காரராகத் தெரியலாம், இணைய நிறுவனத்தின் முகவரித் தொகுதி அங்கே பதிவாகியிருந்தால். தமிழ் பேசும் திருக்கோவிலும் கல்முனையும் சிங்களப் பெரும்பான்மை அம்பாறை நகரமும் ஒரே மாவட்டம். நாட்டைப் பார்த்து மொழியைத் தீர்மானிக்கும் நிரல் இங்கே தமிழரையும் முஸ்லிம்களையும் சிங்களப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தக்கூடும். உலாவி அனுப்பும் மொழி விருப்ப வரியும் வாய்ச்சொல்தான். ஆனால் எந்த மொழியில் வாசிக்க விருப்பம் என்பதற்கு வாசகரின் சொல்லைவிட வேறு சான்று தேவையில்லை.