மூன்று கணக்குகளும் ஒரு முதுமையும்



எங்கள் கோலா தெர்லாவில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் அண்மையில் என்னிடம் கைப்பேசியை நீட்டினார். “சார், மூணாவது கணக்குல உள்ளத எடுத்துடட்டுமா? பிள்ளைக்குப் பள்ளிச் செலவு இருக்கு” என்றார். விடை கூறுமுன் அக்கணக்கு வந்த வரலாற்றை எண்ணிப் பார்த்தேன்.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். அக்காலத் தொழிலாளருக்குச் சேமிப்பென்பது நகையும் கூட்டுச் சீட்டுமே. குடியிருந்த லயத்து வீடும் தோட்டத்திற்கே உரியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

நாடு விடுதலை பெறுவதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னர், 1951இல் ஊழியர் சேமநிதி வாரியம் அமைந்தது. தொடக்கத்தில் தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தில் தலா 5 விழுக்காடு செலுத்தினர். கைக்கு வருமுன்னரே பிடிக்கப்பட்டதால்தான் அப்பணம் முதுமைவரை நிலைத்தது.

1960இல் மற்றொரு வழி திறந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட அக்காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் செலுத்தித் தோட்டங்களையே வாங்கினர். ஒன்று பணத்தைக் காத்தது. மற்றொன்று மண்ணைத் தேடியது.

சேமநிதியின் பிரிவுகளும் காலந்தோறும் மாறின. 1994இல் மூன்று கணக்குகள். 2007இல் 70க்கு 30 என இரண்டு. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 முதல் 2022 வரை, சிறப்பு அனுமதிகளின்வழி உறுப்பினர்கள் 145 பில்லியன் ரிங்கிட்டை மீட்டனர். பலருடைய முதுமைச் சேமிப்பு கரைந்தது. அதன் பின்னர், 2024 மே 11 முதல், 55 வயதுக்குட்பட்டோரின் சந்தா மீண்டும் மூன்றாகப் பிரிந்தது. 100 ரிங்கிட்டில் 75 ஓய்வுக்காலக் கணக்கிற்கும், 15 வீடு, கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்குரிய கணக்கிற்கும், 10 எப்போதும் எடுக்கத்தக்க கணக்கிற்கும் செல்கின்றன.

ஓய்வூதியத்தை எதிர்நோக்கும் அரசாங்க ஆசிரியனாகிய நான், அது இல்லாத ஒருவருக்கு “எடுக்காதீர்கள்” என்று கூறுவது எளிது. ஆதலின் கணக்கை மட்டும் விளக்கினேன். மூன்றாவது கணக்கு அவசரத்திற்கே உரியது. அதில் கிடக்கும் பணத்திற்கும் ஈவுத்தொகை உண்டு. மகள் உயர்கல்வி பயிலும்போது இரண்டாவது கணக்கு துணை நிற்கும்.

சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்னர், “பைக்கும் காலணிக்கும் மட்டும் எடுக்கிறேன், சார். மிச்சம் கிடக்கட்டும். வேலைய விட்டா எங்களுக்கு வீடு இல்லையே” என்றார்.

நூறாண்டை நெருங்கும் தோட்ட வரலாற்றை அத்தாய் ஒரே வரியில் கூறிவிட்டார். பெற்றோர்களே, பணத்தை எடுக்குமுன் அவ்வரியை ஒருமுறை நினைவில் கொள்வோம்.