நிலைத்த பக்கமும் நெகிழும் பக்கமும்: இணையத்தள வடிவமைப்பின் வரலாறு தமிழ்ப் பனுவலுக்கு உணர்த்துவது

முன்னுரை

அச்சுநூலின் பக்கத்திற்கு அளவு உண்டு. அதன் நீளமும் அகலமும் நூல் அச்சேறுவதற்கு முன்னரே முடிவாகிவிடுகின்றன. இணையப் பக்கத்திற்கோ அத்தகைய அளவு கிடையாது. படிப்பவரிடம் உள்ள திரையே அதன் அளவைத் தீர்மானிக்கிறது. இவ்வேறுபாட்டை வடிவமைப்பாளர்கள் முழுமையாக ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, தமிழ்ப் பனுவல்களை இணையத்தில் ஏற்றுவோர்க்கு அது உணர்த்தும் பாடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கக் கால அகப்பக்கம்

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய உலகின் முதல் இணையத்தளம் 1991 ஆகஸ்டில் வெளியுலகிற்கு அறிமுகமாயிற்று. அங்கிருந்த ஆய்வாளர்கள் வெவ்வேறு வகைக் கணினிகளைப் பயன்படுத்தினர். அவை அனைத்திலும் ஒரே ஆவணத்தைப் படிக்க இயலவேண்டும் என்பதே அவரது குறிக்கோள். ஆகவே, எச்.டி.எம்.எல். குறிமொழி ஒரு பகுதி தலைப்பா, பத்தியா, பட்டியலா என்பதை மட்டுமே சுட்டியது. வரி எங்கே மடங்கவேண்டும் என்பதை உலாவியே முடிவு செய்தது. சாளரம் குறுகினால் வரிகளும் குறுகின. எனவே, நெகிழ்ச்சி இணையத்திற்குப் பின்னர் வந்த அணியன்று, அதன் பிறவிக்குணமாகும்.

அச்சு மரபின் ஆதிக்கம்

1990களின் நடுப்பகுதியில் வணிக நிறுவனங்களும் நாளிதழ்களும் இணையத்தில் நுழைந்தன. அவற்றின் வடிவமைப்பாளர்கள் அச்சுத்துறையில் பயின்றவர்கள். அச்சுப் பக்கத்தின் நிலைத்த தோற்றத்தையே திரையிலும் நாடினர். நெட்ஸ்கேப் உலாவி 1995இல் அறிமுகப்படுத்திய அட்டவணை வசதி அவர்களுக்குக் கைகொடுத்தது. புள்ளிவிவரங்களை நிரல்படுத்த வகுக்கப்பட்ட அட்டவணை, பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சாரமாயிற்று. கண்ணுக்குப் புலப்படாத ஒற்றைப் புள்ளிப் படத்தை இழுத்து நீட்டி இடைவெளி அமைக்கும் உத்தியை 1996இல் டேவிட் சீகல் தம் நூலின் வழிப் பரப்பினார். மறு ஆண்டே, இணையத்தைத் தாமே கெடுத்துவிட்டதாக அவர் கட்டுரை எழுதியது குறிப்பிடத்தக்கது.

இதற்கு மாற்றுவழியை 1994 அக்டோபரிலேயே ஹோக்கன் வியூம் லீ முன்மொழிந்திருந்தார். ஆவணத்தின் கட்டமைப்பையும் அதன் தோற்றத்தையும் பிரித்து, தோற்றத்திற்குரிய விதிகளைத் தனியே எழுதும் சி.எஸ்.எஸ். முறையே அது. 1996 டிசம்பரில் அது தரநிலையாயினும், உலாவிகள் அதனைச் சீராக ஏற்கப் பல ஆண்டுகள் சென்றன. இடைக்காலத்தில் 800க்கு 600 புள்ளித் திரைக்கென ஏறத்தாழ 760 புள்ளி அகலமும், பின்னர் 1024க்கு 768 புள்ளித் திரைக்கென 960 புள்ளி அகலமும் வழக்காயின. திரை வளர வளர அளவு மாறியதே தவிர, ஓர் அளவு வேண்டும் என்னும் நம்பிக்கை மாறவில்லை.

2000 ஏப்ரலில் ஜான் ஆல்சாப் எழுதிய கட்டுரை இந்நம்பிக்கையை வினாவிற்கு உட்படுத்தியது. சீன ஞானநூலான தாவோ தே சிங்கைத் துணைக்கொண்ட அவர், அச்சின் வரம்பை இணையத்தின்மீது சுமத்தலாகாது என்றும், நெகிழ்ச்சியே இவ்வூடகத்தின் வலிமை என்றும் வாதிட்டார்.

கைப்பேசி கொணர்ந்த மாற்றம்

2007இல் வெளிவந்த ஐபோனின் திரை 320 புள்ளி அகலமே கொண்டது. அது ஒவ்வோர் இணையப் பக்கத்தையும் 980 புள்ளி அகலமுடையதாகக் கொண்டு, முழுவதையும் சுருக்கிக் காட்டியது. படிப்பவர் விரல்களால் பெரிதாக்கி, பக்கவாட்டில் நகர்த்திப் படிக்கவேண்டியிருந்தது. நிறுவனங்கள் பல, கைப்பேசிக்கென மற்றொரு தளத்தை அமைத்தன. ஒரே செய்தியை இரண்டிடங்களில் பேணும் சுமை இதனால் விளைந்தது.

இச்சூழலில் 2010 மே 25 அன்று ஈத்தன் மார்க்காட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் வெளியிட்ட கட்டுரை திருப்புமுனையாயிற்று. ரெஸ்பான்சிவ் எனப்படும் திரைக்கேற்ற வடிவமைப்பிற்கு அவர் மூன்று கூறுகளை வகுத்தார். விழுக்காட்டு அளவில் அமைந்த நெகிழ்கட்டம் முதலாவது. தன் கலத்திற்குள் அடங்கிச் சுருங்கும் படம் இரண்டாவது. திரையின் அகலத்தை அறிந்து அதற்குரிய தோற்ற விதிகளைத் தேர்ந்தெடுக்கும் மீடியா குவெரி மூன்றாவது. இவற்றுள் எதுவும் அவரது கண்டுபிடிப்பன்று. சிதறிக் கிடந்த உத்திகளை ஒரு கோட்பாடாக இணைத்து, அதற்கொரு பெயரிட்டதே அவரது பங்களிப்பாகும். 2011 செப்டம்பரில் பாஸ்டன் குளோப் நாளிதழ் இம்முறையில் தன் தளத்தை அமைத்தபோது, பெரிய தளங்களுக்கும் இது பொருந்தும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. 2015 ஏப்ரலில் கூகிள், கைப்பேசியில் படிக்கத்தக்க பக்கங்களுக்குத் தன் கைப்பேசித் தேடலில் முன்னுரிமை வழங்கத் தொடங்கிய பின்னர், இது பொதுவழக்காயிற்று.

தமிழ்ப் பனுவலும் நெகிழ்ச்சியும்

இவ்வரலாற்றில் தமிழுக்கு ஒரு தனிக்கிளை உண்டு. 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்மொழிக் கவிதைகளைத் தாங்கி வெளிவந்த தளத்தில் தமிழும் இடம்பெற்றது. இம்முயற்சியில் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர் நா. கோவிந்தசாமியின் பங்கு பெரிது. அக்காலத்தில் தமிழ்ப் பக்கத்தைப் படிக்க அதற்குரிய எழுத்துரு கணினியில் இருத்தல் வேண்டும். இல்லையெனில் பொருளற்ற உரோமன் குறிகளே தெரியும். இத்தொல்லையைத் தவிர்க்க, பனுவலையே படமாக்கி ஏற்றும் வழக்கமும் எழுந்தது. படம் சுருங்கும், ஆனால் அதிலுள்ள வரி மடங்காது. யூனிகோட்டில் தமிழ் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றிருந்தபோதிலும், 2000ஆம் ஆண்டிற்குப் பின்னர் இயங்குதளங்கள் அதனை ஏற்ற பிறகே தமிழ் எழுத்து எழுத்தாகவே பரவலாக இணையத்தில் உலவலாயிற்று. நெகிழ்ச்சிக்கு அதுவே முதற்படி.

எனினும், எழுத்து மட்டும் போதாது. "உட்படுத்தப்பட்டிருக்கின்றன" என்னும் ஒரு சொல்லிலேயே 16 எழுத்துகள் உள்ளன. தமிழ் அச்சு மரபு, சொல்லை வரியிறுதியில் பிரித்து, ஒற்றெழுத்து அடுத்த வரியைத் தொடங்காதவாறு காத்துவந்தது. உலாவியோ இயல்பாகச் சொல்லிடைவெளியில் மட்டுமே வரியை மடக்கும். ஆதலால், குறுகிய திரையில் நீண்ட சொல் விளிம்பைத் தாண்டிவிடக்கூடும். சொல்லைப் பிரிக்க இசைவளிக்கும் விதியை வடிவமைப்பாளரே எழுதவேண்டும்.

செய்யுளில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. அடி என்பது யாப்பு உறுப்பு. வரி என்பது கண்ணுக்குத் தெரியும் தோற்றம். ஓலைச்சுவடியில் அடிகள் பெரும்பாலும் தனித்தனி வரிகளாகப் பிரிக்கப்படவில்லை. யாப்பறிந்தவர் ஓசையால் அடியை உணர்ந்தார். அச்சு, அடியையும் வரியையும் ஒன்றாகக் காட்டிற்று. கைப்பேசித் திரை அவ்விரண்டையும் மீண்டும் பிரிக்கிறது. குறளின் நாற்சீரடி இரண்டாக மடங்க, ஈரடிப் பாடல் மூன்று வரிகளாகவோ நான்கு வரிகளாகவோ தோன்றும். யாப்பைப் புதிதாகக் கற்கும் மாணவர் அதனை மூன்றடி என எண்ணினால் பிழை அவருடையதன்று. ஒவ்வோர் அடியையும் தனி அலகாகக் குறித்து, மடங்கும் பகுதி சற்று உள்தள்ளி அமையுமாறு விதித்தால், எத்திரையிலும் அடி அடியாகவே நிற்கும். வெற்றிடங்களைத் தட்டியும் வரிகளைக் கையால் முறித்தும் அமைத்த பாடலுக்கு இது இயலாது.

முடிவுரை

நிலைபெறவேண்டியது பனுவலின் கட்டமைப்பே. தோற்றம் திரைக்கேற்ப மாறலாம் என்பதே இணையத்தள வடிவமைப்பு சுற்றிவந்து கண்ட உண்மை. தமிழாசிரியர் பாடப்பொருளை மின்பக்கமாக்கும்போதும் ஆய்வாளர் பழம்பனுவலை ஏற்றும்போதும், அச்சுப் பக்கத்தின் படத்தை மட்டும் வைத்து அமைதல் தகாது. மூலத்தின் சான்றாகப் படம் இருக்கட்டும். அதனுடன் எழுத்து வடிவமும், அதில் அடி, சீர், உரை, அடிக்குறிப்பு ஆகியவற்றின் தெளிவான குறியீடும் இருத்தல் வேண்டும். நாளைய திரையின் அளவை இன்று எவரும் அறியார். எது அடி, எது உரை என்பதை நாம் அறிவோம். அதனைக் குறித்துவைப்பது தொழில்நுட்பரின் பணியன்று, தமிழறிந்தோரின் பணியாகும்.