செங்கல்பட்டு ஜில்லாவும் ஐ.பி. வழக்கும்

1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டிருந்தவர்கள் கதறினார்கள். வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் கடன் கொடுத்தவர்கள் பக்கம் நின்று வாதாடினார். அந்த ஆத்திரத்திலிருந்தே 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. திவாலானவர்களின் வழக்கை விசாரிக்க 1828 முதலே சென்னை நகரத்துக்கென்று தனி நீதிமன்றம் இருந்தது.

நகர எல்லைக்கு வெளியே நிலைமை வேறு. சென்னையை ஒட்டிய சைதாப்பேட்டைகூட அன்று செங்கல்பட்டு ஜில்லாதான். அங்கே கடனில் மூழ்கியவருக்கு நெடுங்காலம் தனிச் சட்டமே இல்லை. 1877-இன் சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஓர் அத்தியாயம் வந்தது. மொபசலுக்கென்று, அதாவது நகரத்துக்கு வெளியே உள்ள ஊர்களுக்கென்று, தனிச் சட்டம் 1907-இல்தான் வந்தது. அதை மாற்றி எழுதியதே 1920-இன் மாகாண திவால் சட்டம். நகரத்துக்கு 1909-இல் வேறொரு சட்டம். ஒரே கடனுக்கு இரண்டு சட்டங்கள்!

‘ஐ.பி. கொடுத்துட்டான்’, ‘மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்’ என்று ஊரில் சொல்வது இந்தத் திவால் மனுவைத்தான் (Insolvency Petition). கடன் 500 ரூபாயை எட்டியிருந்தாலே மனு போடலாம் என்கிறது 1920-இன் சட்டம். நீதிமன்றம் ஒருவரைத் திவாலானவர் என்று அறிவித்தால் சொத்து, அதை நிர்வகிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். மனுவுக்கு முந்தைய நான்கு மாத வேலைக்குத் தொழிலாளிக்கு முன்னுரிமையாகக் கிடைக்கும் கூலிக்கு அந்தச் சட்டம் வைத்த உச்சவரம்பு 20 ரூபாய்.

ஆனால் எல்லாமே பறிபோய்விடாது. சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை, கைவினைஞரின் கருவிகள் ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. மாமல்லபுரத்துச் சிற்பி கடனாளியானாலும் அவருடைய உளியையும் சுத்தியலையும் யாரும் தொட முடியாது. இதை எடுத்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர் இல்லாததால் பயந்து ஊரை விட்டு ஓடும் குடும்பங்களை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் வறுமைக்காக ஒருவரைச் சிறையில் தள்ளக்கூடாது என்று தீர்ப்பளித்தது.

ஐ.பி. வழக்கில் செலவு எங்கே கூடுகிறது? மனுவுக்கான கோர்ட் கட்டணம் அதில் ஒரு சிறு பங்குதான். வக்கீல் ஃபீஸ், குமாஸ்தா செலவு, கடன் கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ், விளம்பரம் என்று பட்டியல் நீளும். சொத்தை விற்று வரும் பணத்திலிருந்து ரிசீவருக்கு ஊதியமும் போக வேண்டும். கடன் கொடுத்தவர்கள் எதிர்த்தால் வாய்தா கூடும், வாய்தா கூடினால் செலவும் கூடும். ஆகவே வக்காலத்தில் கையெழுத்திடும் முன்பே எதற்கு எவ்வளவு, எப்போது கொடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது கடனாளியின் உரிமை. 1987-இன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கும், வருமான வரம்புக்குள் உள்ள ஏழைகளுக்கும் வக்கீல் இலவசம்.

2016-இல் புதிய திவால் சட்டம் வந்தது. கம்பெனிகள் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகின்றன. தனிநபர்களில், கம்பெனிக் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானது. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடன் வாங்கிச் சிறு விடுதி நடத்தி நொடித்தவருக்கு இன்னும் 1920-இன் சட்டமே வழி. புதிய சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதியை முழுமையாக அமலாக்கி, அவர்கள் தொட முடிகிற தூரத்தில் மாவட்ட அளவிலேயே விசாரணை நடக்க அரசு வழிசெய்ய வேண்டும்.