கனக விசயரின் வாய்த்துடுக்கு

கனகன், விசயன் என்ற பெயர்களை மேடைதோறும் முழங்கியவர்கள் நாம். தமிழனை எள்ளியவன் தலையில் இமயக் கல் ஏறியது என்றால் கையொலி எழாத கூட்டம் உண்டா? இனிக்கும் கதைதான். இனிப்பதனாலேயே அதைச் சற்று நிறுத்திப் படிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் சொல்வது இது. வடபுலத்துப் பாலகுமரனின் மக்கள் இருவரும், விருந்தொன்றில் பிற அரசரோடு கூடித் தமிழ் மன்னரின் ஆற்றலை இகழ்ந்தனர். மாற்றான் வலிமை எத்துணை என்று எண்ணிப் பாராத வாய்த்துடுக்கு! கண்ணகிக்குக் கல்லெடுக்கப் புறப்பட்ட சேரன் செங்குட்டுவன் கங்கையின் வடகரையில் அவர்களைச் சந்தித்தான். 18 நாழிகையில், அதாவது 7 மணி 12 நிமிடத்தில், போர் முடிந்தது. இகழ்ந்தவர் பிடிபட்டனர், துணை நின்றோர் சடையும் சாம்பலுமாய் வேடமிட்டு ஓடினர். கல் இருவர் முடியிலும் ஏறிற்று.

ஆனால், அந்த இகழ்ச்சியை நம்மில் எவர் கேட்டோம்? விருந்துக் காட்சி காப்பியத்திலேயே இல்லை. இமயத் தவசியர் சொன்னார்கள் என்று செங்குட்டுவன் சொல்கிறான், அவ்வளவே. வென்றவன் வாய்மொழியே குற்றப்பத்திரிகை! கனகன் தரப்புச் சொல் ஒன்றேனும் நம் செவிக்கு எட்டவில்லை.

வரலாறு துணைக்கு வருமா? பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் இதே செங்குட்டுவனைப் பரணர் பாடுகிறார். அவன் கடலில் காட்டிய வீரம் அங்கே உண்டு. கனக விசயர் இல்லை. பத்தினிக்குக் கல் கொணர வடதிசை சென்ற செய்தி, பாட்டுகளில் அன்று, பிற்காலத்தார் சேர்த்த பதிகத்தில் வருகிறது. புராணிகனை நோக்கிச் சான்று எங்கே என்று கேட்கும் நாம், நம் செவிக்கு இனிக்கும் கதையிடம் மட்டும் அக்கேள்வியை ஒளித்து வைப்பது முறையா?

இளங்கோவோ நம்மைவிட நேர்மையாளர். சிறைப்பட்டவரைச் சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டி வரச் செங்குட்டுவன் அனுப்புகிறான். அவர்கள் வியக்கவில்லை. போரைக் கைவிட்டுத் தவக்கோலத்தில் உயிர் பிழைக்க நின்றவரைப் பிடிப்பது என்ன வெற்றி என்று கேட்டுவிடுகிறார்கள்! தமிழன் வீரத்தை எள்ளியவர் இப்போது தமிழரே. சேரன் கண் சிவக்கிறது. மாடலன் என்னும் மறையோன் சினம் தணித்து, வேள்வி செய்யுமாறு அறிவுரை கூறுகிறான், அரசனும் இசைகிறான். (இந்தப் பகுதியை நம் பேச்சாளர்கள் விழுங்கிவிடுவதன் காரணம் விளங்குகிறதல்லவா?)

அதன் பின்னர்ச் சிறைக்கதவு திறக்கிறது. கல் சுமந்த இருவரும் வேளாவிக்கோ மாளிகையில் தங்க வைக்கப்படுகிறார்கள். வேள்வி முடிந்ததும் தம் ஊர் செல்லலாம் என்று உறுதியும் பெறுகிறார்கள். கல் ஏறிய காட்சியை ஆயிரம் முறை கேட்ட நாம், இந்த விடுதலையை ஒரு மேடையிலும் கேட்டதில்லை.