சூசையப்பர் திருநாளும் சியாரா மழையும்

பிரேசில் நாட்டின் வடகிழக்கில் உள்ள சியாரா மாநிலத்தின் பாதுகாவலர் புனித சூசையப்பர். மார்ச் 19 அங்கே மாநில விடுமுறை நாள். அந்நாளுக்குள் மழை பெய்தால் விளைச்சல் உண்டு. பெய்யாவிடில் வறட்சி உறுதி என்பது அப்பகுதி உழவர்களின் நெடுங்கால நம்பிக்கை.

இதனை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட இயலாது. பூமத்திய ரேகையை ஒட்டி உலகைச் சுற்றியுள்ள மழைமேகப் பட்டை, மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் மிகவும் தெற்கே இறங்குகிறது. அது சியாராவைத் தொட்டால் மழை. வடக்கே நின்றுவிட்டால் பஞ்சம். பசிபிக் கடல் மிகுதியாக வெப்பமடையும் எல் நினோ ஆண்டுகளில் பெரும்பாலும் அது வடக்கிலேயே தங்கிவிடுகிறது.

செர்த்தாவோ எனப்படும் அந்த உள்நாட்டுப் பகுதியில் ஆண்டு மழை பெரும்பாலும் 400 முதல் 800 மில்லிமீட்டர். வெயில் உறிஞ்சக்கூடிய நீரோ 2000 மில்லிமீட்டரையும் தாண்டும். மண்ணுக்கடியில் கடும்பாறை, எனவே நிலத்தடி நீரும் அரிது. 1583-இல் வறட்சியால் பழங்குடியினர் கடற்கரையை நோக்கி வந்ததை இயேசு சபைக் குரு பெர்னாவோ கார்திம் எழுதிவைத்துள்ளார். அன்று முதல் இன்றுவரை அந்த மண் வறட்சியை மீண்டும் மீண்டும் கண்டுவந்துள்ளது.

அவற்றுள் கொடியது 1877 முதல் 1879 வரை நீடித்தது. போர்த்தலேசா நகரில் இலட்சத்திற்கும் மேற்பட்ட அகதிகள் குவிந்தனர். பெரியம்மை பரவி, 1878 டிசம்பரில் ஒரே நாளில் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டனர். நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று நடுக்கத்தோடு நினைவுகூர்ந்த துயரமும் அதே காலத்தது. பசிபிக் கடலின் அதே மாற்றம் இரு கண்டங்களின் வானத்தையும் அடைத்தது.

இது கடவுளின் தண்டனையா? கடல் சூடாவதும் மேகம் விலகுவதும் இயற்கையின் போக்கு. ஆனால் வறட்சி பஞ்சமாக மாறுவதில் மனிதரின் பங்கு உண்டு. 1915-இலும் 1932-இலும் பசித்த மக்கள் தலைநகருக்குள் நுழையாதவாறு சியாராவில் முகாம்கள் அமைத்து அடைத்து வைத்தனர். அங்கே மாண்டவர்களின் நினைவாக, செனதோர் பொம்பேயு என்னும் ஊரில் 1982 முதல் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் இறைமக்கள் நடைப்பயணம் செல்கின்றனர். வறட்சி நிவாரணமாக வெட்டிய நீர்த்தேக்கங்கள் பலவும் பெருநிலக்கிழார்களின் நிலங்களிலேயே அமைந்தன. ஏழையின் தாகத்திற்கென ஒதுக்கிய பணம் செல்வரின் கால்நடைக்கு நீரானது.

இதற்கு மாறான வழியும் இருந்தது. நீதிபதியாகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்து, நாற்பது வயதைக் கடந்தபின் 1853-இல் குருவான தந்தை இபியாபினா, செர்த்தாவோவில் ஊர் ஊராகச் சென்றார். மக்களின் கைகளைக் கொண்டே கிணறுகளும் குளங்களும், ஆதரவற்ற சிறுமியருக்கு அன்பு இல்லங்களும் எழுப்பினார். 1999-இல் திருச்சபையின் காரித்தாஸ் அமைப்பும் உழவர் சங்கங்களும் பிறரும் ஒரே கூட்டமைப்பாக இணைந்தபோது, அந்த வழி புத்துயிர் பெற்றது. கூரையில் விழும் மழையை 16,000 லிட்டர் தொட்டியில் சேமித்தால், ஒரு குடும்பம் கோடை முழுவதும் குடிக்கவும் சமைக்கவும் போதும். பின்னர் அரசும் துணைநின்றது. இன்று இத்தகைய தொட்டிகள் பத்து இலட்சத்திற்கும் மேல். 2012-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்த கடும் வறட்சியில் பயிரும் கால்நடையும் அழிந்தன. ஆனால் 1877-இன் மரண ஊர்வலம் திரும்பவில்லை. தொட்டிகளோடு ஏழைகளுக்கான அரசு உதவித்தொகையும் அதற்குக் காரணம்.

சூசையப்பர் என்பதும் யோசேப்பு என்பதும் ஒரே பெயர். எகிப்தில் ஏழு வளமான ஆண்டுகளின் தானியத்தை ஏழு பஞ்ச ஆண்டுகளுக்கெனச் சேமித்த யோசேப்பைப் போற்றுகிறோம். ஆனால் தொடக்க நூல் 47-ஆம் அதிகாரத்தை நாம் அதிகம் வாசிப்பதில்லை. களஞ்சியத்தின் திறவுகோல் பார்வோனிடம் இருந்ததால், மக்கள் உணவுக்காகத் தம் நிலத்தையும் இறுதியில் தம்மையுமே விற்றனர். சேமித்தால் மட்டும் போதாது. திறவுகோல் யார் கையில் என்பதே கேள்வி. சியாராவின் ஏழைத் தாய் தன் வீட்டு முற்றத்துத் தொட்டியைத் தானே திறக்கிறாள். தண்ணீருக்காக இனி எவர் வாயிலிலும் அவள் கையேந்தி நிற்க வேண்டியதில்லை.

மழைக்காகச் செபிப்போம். பெய்த மழை ஏழையின் வாசலையும் அடையும்படி உழைப்பதும் அச்செபத்தின் பகுதியே.